புரட்டிப் பார்த்து வாங்கிய ரோபோ

பழைய வண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் என் வீடு. வீடுதான் தையற்கடையும். கூடத்தில் இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், அம்மா தைத்துப் பழகிய கால்மிதி மெஷின் ஒன்று. பிளவுஸ் தைப்பதுதான் முக்கியமான வேலை. முகூர்த்த மாதங்களில் ஆரி எம்பிராய்டரி வேலையும் சேர்ந்துகொள்ளும். மாலை ஏழு மணிக்கு எங்கள் கூடத்துத் தரையைப் பார்த்தால் அன்று என்னென்ன நிறத்தில் துணி வந்தது என்று சொல்லிவிடலாம். நூல் பிசிறு, ஓவர்லாக் கத்தி சீவித் தள்ளிய விளிம்பு, குறி போடும் சாக்கின் பொடி, பிளவுஸ் கொக்கி, ஜமிக்கி, அறுந்து உருண்ட மணி, நான்கு பெண்களின் தலைமுடி. போதாததற்கு, ஜன்னல் வழியே லாரிகள் கிளப்பிவிடும் கருந்தூசி. கடற்காற்றின் ஈரத்தில் அந்தத் தூசி தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெறுங்காலில் நடந்தால் பிசுபிசுப்பு தெரியும்.

இதையெல்லாம் நாளுக்கு மூன்று முறை பூந்துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தவர் என் அம்மா. அவருக்கு வயது 67. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்ற ஆடி மாதம் வீசிங் அதிகமாகி மூன்று இரவுகள் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. பெருக்குவதை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். அம்மா கேட்கவில்லை. "மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எழுந்து பெருக்கினால் உன் வேலை நின்றுவிடுமே அம்மாடி" என்றார். பெருக்கித் துடைக்கும் ரோபோ ஒன்றை வாங்கிவிடுவது என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இரவல் ரோபோவை ஓடவிட்டுப் பார்த்தேன். கொளத்தூரில் என் அக்கா வீட்டில் மூன்று ஆண்டுகளாக ஒன்று ஓடுகிறது. 2002-இல் அமெரிக்காவில் ரூம்பா என்ற பெருக்கும் ரோபோ விற்பனைக்கு வந்தபோது இந்த வகை இயந்திரங்கள் எதிலாவது முட்டி, திசை மாறி, மறுபடி முட்டித்தான் வீட்டைச் சுற்றிவந்தன. அக்காவினுடையது அதற்கு அடுத்த தலைமுறை. உள்ளே இருக்கும், திரும்பும் கோணத்தை உணரும் கைரோஸ்கோப்பைக் கொண்டு ஏர் ஓட்டுவதுபோல் நேர்கோடாகப் போய்த் திரும்பும். ஆனாலும் வீட்டின் படம் அதன் நினைவில் தங்காது. யாராவது நடுவில் தூக்கிவைத்துவிட்டால், எந்த இடத்தை முடித்தோம் என்பதை மறந்து முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாம் நாள் மாலை அது வெட்டுமேசைக்கு அடியில் நின்று ஒலி எழுப்பியது. இழுத்து மல்லாக்கப் போட்டேன். அடிப்பக்கத்து உருளைத் துடைப்பத்தில் குச்சமயிர் தெரியவே இல்லை. சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் நூல்கள் பாபினில் சுற்றியதுபோல் இறுக்கமாகச் சுற்றியிருந்தன. நடுநடுவே ஜரிகை மின்னியது. தையல் பிரிக்கும் ஊசியை அடியில் நுழைத்து நெடுக அறுத்தேன். மேல் சுற்று வந்துவிட்டது. உருளையின் முனை போய் உட்காரும் பேரிங்கில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. அங்கே முடியும் நூலும் சேர்ந்து திரண்டு, கறுத்து, மிளகு போலக் கெட்டியாகியிருந்தது. முனையைக் கழற்ற முடியாதபடி ஒரே வார்ப்பாகச் செய்திருந்தார்கள். குண்டூசியால் குத்திக் குத்தி எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பெருக்கினால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அம்மா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புடவையோ துணியோ வாங்கும்போது நான் முதலில் புரட்டிப் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். மேற்பக்கம் எல்லாத் துணியும் அழகாகத்தான் இருக்கும். நூல் எங்கே தொங்குகிறது, நெசவு எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை உள்பக்கம் காட்டிவிடும். ரோபோவையும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு கைக்குட்டையில் எங்கள் தரையிலிருந்தே ஒரு பிடி நூல் பிசிறு, கொஞ்சம் தலைமுடி, பத்துப் பதினைந்து ஜமிக்கி, சாக்குப் பொடி எல்லாம் முடிந்துகொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

முதலில் போன கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்ட மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கடை பெரம்பூரில். அங்கே இருந்த இளைஞர் பொறுமைசாலி. மூன்று மாதிரிகளைக் காட்சிக்கு ஓடவிட்டிருந்தார். "தம்பி, மூன்றையும் மல்லாக்கப் போட்டுக் காட்டுங்கள்" என்றேன். "எல்லோரும் பாஸ்கல் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள் அக்கா. அடிப்பக்கத்தைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் ஒரு துணியை விரித்து மூன்றையும் புரட்டி வைத்தார்.

மூன்றும் பார்வைக்கு உடன்பிறப்புகள். வெள்ளை வட்டம், மேலே லேசர் சுழலும் சிறிய கோபுரம், பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். விலை 21,000, 25,500, 34,000 ரூபாய். முதல் இரண்டின் பெயரில் ஓர் எழுத்துதான் வேறு. அந்தப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஆறு மாதத்தில் அந்த எழுத்தும் மாறி வேறு பெட்டியில் வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால், அடுத்த ஆண்டு வாங்குகிறவருக்கும் பயன்படும்.

எல்லோரும் கேட்கிற பாஸ்கலை முதலில் முடித்துவிடுகிறேன். முதலாவதில் 4,000 பாஸ்கல், இரண்டாவதில் 6,000, மூன்றாவதில் 8,000 என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 1,01,000 பாஸ்கல். உறிஞ்சும் வாயை முழுக்க அடைத்துவைத்து, மோட்டாரை உச்ச வேகத்தில் ஓடவிட்டு அளக்கும்போது கிடைப்பது இந்த எண். வாய் திறந்து தரையில் ஓடும்போது உள்ளே பாயும் காற்றின் அளவுதான் குப்பையைத் தூக்குகிறது. அந்த எண்ணை அட்டையில் யாரும் போடுவதில்லை. கம்பளத்தின் ஆழத்திலிருந்து மண்ணை எடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கூடுதல் பாஸ்கல் உதவலாம். எங்களுடையது மொசைக் தரை. கைக்குட்டையை அவிழ்த்துக் கடைத் தரையில் கொட்டியபோது மூன்றுமே சாக்குப் பொடியை ஒரே மாதிரிதான் எடுத்தன. இந்த எண்ணுக்காக நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

வேறுபாடு உருளையில் இருந்தது. 21,000 ரூபாய் ரோபோவில் குச்சமயிரும் ரப்பர் பட்டையும் கலந்த உருளை. 25,500 ரூபாய் ரோபோவில் முழுவதும் ரப்பர் இதழ்கள். இரண்டின் முனைகளும் கழன்று வந்தன. ஆனால் முதலாவதில் ஒரு முனைதான், இரண்டாவதில் இரு முனைகளும். என் நூலை இரண்டுக்கும் கொடுத்தேன். மூன்று சுற்று ஓடியதும் நிறுத்திப் புரட்டினோம். குச்சமயிர் உருளையில் நூல் மயிரின் அடிவேரில் புகுந்துகொண்டது. பிரிக்க ஊசி வேண்டியிருந்தது. ரப்பரில் நூல் சுற்றத்தான் செய்தது, ஆனால் மேலேயே நின்றது. கடைத் தம்பி ஒரு முனையைத் திருகிக் கழற்றி, வளையல் கழற்றுவதுபோல் நூல் வளையத்தை உருவி எடுத்துவிட்டார். அந்த ஓர் அசைவுக்குத்தான் நான் கூடுதலாக 4,500 ரூபாய் கொடுத்தேன். இப்போது வீட்டில் அதே வேலையை நாள்தோறும் செய்கிறேன், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. ஜரிகை மட்டும் ரப்பரையும் பிடித்துக்கொள்கிறது. ஜரிகைத் துணி வெட்டுகிற நாட்களில் தரையில் விழுந்த இழைகளை ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்த பிறகே ரோபோவை விடுகிறோம். குண்டூசிகளுக்கு, தையற்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் காந்தம் முதலில் தரையைச் சுற்றிவரும்.

முதல் இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடு, அட்டையைப் படித்தால் தெரியாதது. முதலாவதில் குப்பைப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பெட்டிக்குள் இரண்டு அறைகள். குப்பையைக் கொட்ட வேண்டுமென்றால் தண்ணீரோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் நூல் பிசிறெல்லாம் நனைந்து களியாகிவிடும். இரண்டாவதில் குப்பைப் பெட்டி மேல்மூடிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி பின்பக்கம், தனித்தனி. நாளுக்கு மூன்று முறை குப்பை கொட்டுகிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி முதலாவதில் 2,600 மில்லி ஆம்பியர்-மணி, இரண்டாவதில் 5,200. இவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே அளவிலான லித்தியம் செல்கள். நான்கு இருந்தால் முதல் எண், எட்டு இருந்தால் இரண்டாவது. எங்கள் வீடு 550 சதுர அடி. ஒரு முறை முழுக்கச் சுற்ற நாற்பது நிமிடம்கூட ஆவதில்லை. இந்த வீட்டுக்கு நான்கே போதும்.

34,000 ரூபாய் ரோபோவை நான் விட்டுவிட்டதற்குப் பணம் முதற்காரணம் இல்லை. அது நல்ல இயந்திரம். தேங்காய் மூடி அளவிலான இரண்டு துணிச்சக்கரங்கள் அடியில் சுழன்று தரையை அழுத்தித் தேய்க்கின்றன. கம்பளம் வந்தால் சக்கரங்களைத் தூக்கிக்கொள்கிறது. சார்ஜ் ஏற்றும் தன் கூட்டுக்குத் திரும்பியதும் குப்பையை அங்கிருக்கும் பைக்குள் தானே தள்ளிவிடுகிறது. கடையில் அதன் துடைப்பைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அதன் முகப்பில் ஒரு கேமரா இருந்தது. தரையில் கிடக்கும் ஒயரையும் செருப்பையும் அடையாளம் கண்டு விலகிப் போவதற்காக.

என் வீட்டுக்கு நாள்தோறும் பெண்கள் அளவு கொடுக்க வருகிறார்கள். உள்ளறையில் பிளவுஸைப் போட்டுப் பார்க்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் வருகிறாள், முதன்முதலாகப் புடவை கட்டப்போகிறவள். கதவுக்குக் கீழே ஒரு கேமரா ஊர்ந்து வருவதை நான் எப்படி அனுமதிப்பேன்? அந்தக் கேமரா வெளியே எதையும் அனுப்புவதில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. 2020-இல் சோதனைக்காக வீடுகளில் ஓடிய ரோபோக்கள் எடுத்த படங்கள், அவற்றில் உள்ள பொருட்களுக்குப் பெயர் குறிக்கும் கூலி வேலை செய்தவர்கள் வழியாகச் சமூக ஊடகத்துக்குப் போய்விட்டன என்று 2022 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அதில் ஒன்று, கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படம். அந்த வீட்டினர் சோதனைக்குச் சம்மதம் தந்தவர்கள்தான். என்னை நம்பி வருகிற பெண்கள் அப்படிப்பட்ட சம்மதம் எதையும் யாருக்கும் தந்ததில்லை. லேசர் கோபுரம் மட்டும் உள்ள ரோபோ தூரத்தைத்தான் அளக்கிறது. சுவர் எங்கே, கால் எங்கே என்று புள்ளிகளாக அறிகிறது. யாருடைய முகத்தையும் அது பார்ப்பதில்லை. விளக்கில்லாத அறையிலும் அதனால் ஓட முடிகிறது. ஆகவே இரண்டாவதையே வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

அந்த லேசருக்கும் ஒரு மயக்கம் உண்டு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டைச் சுற்றி முடித்ததும் போனில் அது வரைந்த படம் வந்தது. கூடம், உள்ளறை, சமையலறை எல்லாம் அளவெடுத்ததுபோல் சரியாக இருந்தன. ஆனால் உள்ளறையின் மேற்குச் சுவருக்கு அப்பால் இன்னோர் அறை இருந்தது. அங்கே ஒரு கட்டில்கூட இருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் உண்மையில் இருப்பது அடுத்த வீட்டின் மாடிப்படி. அம்மா போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம் கட்டில்தான், இடவலம் மாறியிருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரி. போட்டுப் பார்ப்பவர்களுக்காக அந்தச் சுவரில் தரைவரை இறங்கும் ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிறேன். லேசர் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிரே இருந்த கட்டிலைக் கண்ணாடிக்குள் கண்டிருக்கிறது. அந்த இல்லாத அறைக்குள் போவதற்காக ரோபோ கண்ணாடியை மூன்று முறை முட்டியது. கோபுரத்தின் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் ஒன்பது சென்டிமீட்டரில், கண்ணாடியின் அடிப்பகுதியில் நான்கு விரல் அகலத்துக்குக் கேன்வாஸ் துணிப்பட்டை ஒன்றை ஒட்டினேன். பழைய படத்தை அழித்துப் புதிதாக வரையவிட்டேன். அறை மறைந்துவிட்டது. அழகு நிலையம், நகைக்கடை, நடனம் சொல்லித்தரும் வீடு என்று தரைவரை கண்ணாடி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே செய்துவிடலாம்.

கால்மிதி மெஷினின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் அது இரண்டு முறை சிக்கிக்கொண்டது. மிதிபலகை தரையிலிருந்து சற்றே உயர்ந்து சாய்ந்து இருப்பதால், ஏறிவிடலாம் என்று ஏறி, சக்கரம் அந்தரத்தில் சுழல நின்றுவிடும். போனில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. அந்தக் கட்டத்துக்குள் மட்டும் அம்மா உட்கார்ந்தபடியே பூந்துடைப்பத்தால் தள்ளிவிடுகிறார். கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையிலான நிலையின் அடிக்கட்டை 2.2 சென்டிமீட்டர். இந்த ரோபோக்கள் பொதுவாக ஏறுவது இரண்டு சென்டிமீட்டர்வரை. தச்சர் ஒருவர் இருபுறமும் சாய்வுப் பட்டை அடித்துக் கொடுத்தார், 400 ரூபாய். வாங்குவதற்கு முன் இஞ்சு டேப்பை எடுத்து மூன்று இடங்களை அளந்துகொள்ளுங்கள்: நிலையின் உயரம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் உள்ள இடைவெளி, நாற்காலிக் கால்களுக்கு இடையிலான அகலம். கோபுரம் உள்ள ரோபோவுக்குக் கட்டிலடியில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். எங்கள் கட்டில் பன்னிரண்டு. பீரோ ஒன்பதுதான், அதற்கு அடியில் இன்னும் நாங்களேதான் பெருக்குகிறோம்.

துடைப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். இந்த விலையில் கிடைக்கும் ரோபோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகிறது. என்னுடையதில் அந்தத் துணி அதிர்வதால் கொஞ்சம் தேய்ப்பும் உண்டு. லாரித் தூசியின் மெல்லிய கருமையும் பிசுபிசுப்பும் இதில் நன்றாகப் போய்விடுகின்றன. காலையில் தரையில் கால் வைத்தால் சில்லென்று சுத்தமாக இருக்கிறது. இந்த ஒரு சுகத்துக்காகவே நான் இதைப் பாராட்டுவேன். ஆனால் அடுப்படியில் காய்ந்துபோன புளிக்குழம்புத் துளியை இது எடுக்காது. எண்ணெய்த் துளியைத் தரை முழுக்கப் பரப்பிவிடும். சமையலறையை நான் துடைக்கும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அங்கே பெருக்க மட்டும்தான்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். முதல் இரண்டு மாதம் போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. எவர்சில்வர் குடத்தில் ஒரு வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். மூன்றாவது மாதம் துணியின் ஒரு பாதி நனையவே இல்லை. தண்ணீர் சொட்டும் சிறு துளைகளை உப்பு அடைத்துவிட்டது. வினிகர் கலந்த தண்ணீரை ஓர் இரவு ஊற்றிவைத்து, மூன்று முறை அலசிய பிறகுதான் திறந்தது. அதற்குப் பிறகு குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் மட்டும்தான். வட சென்னைக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும், கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலையிலிருந்து வருகிறது. கடலே வந்து எங்கள் தரையைத் துடைக்கிறது என்று அம்மா சொல்லிக்கொள்கிறார். மெட்ரோ வாட்டர் வராத நாளில் கேன் தண்ணீர். ஒரு முறைக்கு 200 மில்லி போதும், ஆகவே வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். பினாயிலையோ வாசனைத் திரவத்தையோ தொட்டியில் ஊற்றாதீர்கள். துளைகளும் ரப்பர் வளையங்களும் கெட்டுவிடும். இன்னொன்று: துடைத்து முடித்ததும் துணியைக் கழற்றி அலசிக் காயப்போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் காற்றில் ஓர் இரவு ஈரமாக விட்டாலே துணி நாறிவிடுகிறது. இதைச் செய்ய நேரமில்லாதவர்களுக்குத்தான் துணியைத் தானே கழுவிச் சூடான காற்றில் உலர்த்தும் பெரிய கூடுகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரு ஸ்டூல் அளவு இடமும், நல்ல தண்ணீருக்கு ஒன்றும் அழுக்குத் தண்ணீருக்கு ஒன்றுமாக இரண்டு தொட்டிகளும் வேண்டும். எங்கள் கூடத்தில் அந்த இடத்தில் ஒரு மெஷின் போடுவேன்.

குப்பையைத் தானே பைக்குள் தள்ளும் வசதி இல்லையே என்று வாங்கும்போது கொஞ்சம் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் தை மாதத்தில் போய்விட்டது. காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா மகளின் முகூர்த்தப் பிளவுஸைப் பார்க்க வந்தார். போட்டுப் பார்த்து, சரிசெய்து, மகிழ்ச்சியோடு கிளம்பிப் போனவர் இரவு எட்டு மணிக்குப் பதைபதைத்துத் திரும்பி வந்தார். மகளின் மூக்குத்தித் திருகாணியைக் காணவில்லை. வீட்டில், ஆட்டோவில், தெருவில் எல்லாம் தேடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ரோபோ அதற்குள் ஒரு சுற்று முடித்திருந்தது. குப்பைப் பெட்டியைத் தினத்தந்தி விரித்து அதன்மேல் கவிழ்த்தேன். நூல், முடி, தூசி எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பஞ்சுமெத்தைபோல் விழுந்தது. காந்தத்தை மேலே நகர்த்திக் கொக்கிகளை எல்லாம் பிரித்தெடுத்தோம். பிறகு அம்மா அந்தப் பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளிப் பார்த்தார். எள்ளளவு தங்கம், அரக்கு நிற நூல் சுருளுக்குள் சிக்கியிருந்தது. அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன்பிறகு ஆரி வேலை நடக்கும் நாட்களில் பெட்டியை நேராகக் குப்பைக்கூடையில் கவிழ்ப்பதே இல்லை. மணிகளையும் ஜமிக்கிகளையும் பிரித்துக் கழுவி எடுத்தால் மாதத்துக்கு ஒரு சிறு டப்பா சேர்கிறது.

ஐந்து மாதம் ஓடியதில் செலவு என்று பார்த்தால், பக்கவாட்டுத் துடைப்பம் ஒரு ஜோடி, வடிகட்டி ஒன்று. எங்கள் பகுதித் தூசிக்கு வடிகட்டிதான் முதலில் சோர்ந்துபோகிறது. வாரத்துக்கு ஒரு முறை தட்டுகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுகிறேன். கழுவினால் ஒரு நாள் முழுக்க நிழலில் உலர வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி மோட்டாருக்குப் போகும் வழியை அடைக்கும். ஆகவே இரண்டு வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். கழுவக்கூடிய வடிகட்டிதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். ஒரு கடையில் "வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருவோம்" என்றார்கள். எத்தனை நாளில் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கடையில் வாங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. இந்த மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் இணைகின்றன. புதிய ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருப்பதால் முதல் இணைப்பு நடக்காமல் பலர் இயந்திரம் பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். ரவுட்டரில் இரண்டையும் தனிப் பெயராகப் பிரித்ததும் எங்களுக்கு உடனே இணைந்தது. மூன்றும் பேசியது ஆங்கிலத்தில்தான். அம்மாவுக்கு அது தடையாக இல்லை. ரோபோவின் தலையில் இரண்டு பொத்தான்கள் உண்டு: ஒன்று கிளம்ப, ஒன்று கூட்டுக்குத் திரும்ப. பொத்தான் இல்லாமல் போனில் மட்டும் இயங்குகிற ஒன்றை வாங்கியிருந்தால், அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார். இப்போது மதியம் ஒன்றரைக்கு நாங்கள் சாப்பிட எழுந்ததும் அவரே போய்ப் பெருவிரலால் அழுத்துகிறார். அது கிளம்பும்போது காலைத் தூக்கி நாற்காலிமேல் மடித்துவைத்துக்கொள்கிறார். ஆடிக்குப் பிறகு நெபுலைசரை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ரோபோதான் காரணம் என்று நான் டாக்டரிடம் சொல்லப்போவதில்லை, ஆனால் தூசி கிளப்பிப் பெருக்குவது நின்றதில் அவருக்கும் நிம்மதி.

வேறு வீட்டுக்கு வேறு கணக்கு. கொளத்தூர் அக்கா வீட்டில் நூல் இல்லை, வெளி ஆள் வருவதில்லை, இரண்டு பிள்ளைகள் நாள் முழுக்கத் தரையில் எதையாவது சிந்துகிறார்கள். அடுத்தது வாங்கும்போது சுழலும் துணிச்சக்கரங்கள் உள்ளதை, கேமரா இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கும் பெரியவர்கள், ஒரே அறை, சமமான தரை என்றால் லேசர் கூட வேண்டாம். முனை கழலும் உருளையும் தலையில் பொத்தானும் இருந்தால் போதும். என் போல் வீட்டிலேயே தைப்பவர்கள் 21,000 ரூபாய் ரோபோவை வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அந்த மிச்சம் உருளையில் சுற்றிக்கொள்ளும்.

நாளை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எனக்குப் பக்கவாட்டுத் துடைப்பம் இன்னொரு ஜோடி. அக்காவின் பழைய ரோபோ இப்போது இருபது நிமிடத்தில் தூங்கிவிடுகிறதாம். அதன் பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன், செல் மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும்.